ஆல்பர்ட்ஸ்லுண்டும் அண்டை ஊர்களும்: டென்மார்க்கின் புறநகர் நகராட்சி எப்படி இயங்குகிறது?

கோபன்ஹேகன் மைய ரயில் நிலையத்தில் மேற்கே போகும் எஸ்-ரயில் என்ற புறநகர் ரயிலில் ஏறி உட்கார்ந்தால் இருபது நிமிடம் சொச்சத்தில் ஆல்பர்ட்ஸ்லுண்ட் வந்துவிடும். வழியில் விடோவ்ர, ரோடோவ்ர, புரொண்ட்பியோஸ்டர், குளோஸ்ட்ரப் என்று நிலையங்கள் வரும். ஜன்னல் வழியே பார்க்கிறவருக்கு எல்லாம் ஒரே ஊர்தான். வீடுகள், தொழிற்கூடங்கள், கொஞ்சம் மரங்கள், மறுபடியும் வீடுகள். ஆனால் அந்த இருபது நிமிடத்துக்குள் ரயில் பல தனித்தனி நகராட்சிகளின் எல்லையைத் தாண்டியிருக்கும். ஒவ்வொன்றுக்கும் தனி மேயர், தனி மன்றம், தனிப் பள்ளிக்கூடங்கள், தனி வருமான வரி விகிதம்.

டென்மார்க்கின் புறநகர்களைப் புரிந்துகொள்ள இந்த இடத்திலிருந்து தொடங்குவது நல்லது. அங்கே புறநகர் என்பது தலைநகரத்தின் ஒரு வட்டமோ வார்டோ அல்ல. ஏறக்குறைய 23 சதுர கிலோமீட்டரில் 28,000 பேர் அளவில் வாழும் ஆல்பர்ட்ஸ்லுண்ட், ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழும் கோபன்ஹேகன் நகராட்சிக்குச் சட்டப்படி சமமானது. கோபன்ஹேகன் மேயருக்கு ஆல்பர்ட்ஸ்லுண்டில் எந்த அதிகாரமும் கிடையாது. இன்னும் வியப்பான விஷயம், ஃபிரெடெரிக்ஸ்பெர்க் என்ற நகராட்சி நாலா பக்கமும் கோபன்ஹேகனால் சூழப்பட்டிருந்தும் அதில் சேராமல் தனியாகவே இருக்கிறது.

இவ்வளவு சிறிய ஊர் இவ்வளவு பெரிய அதிகாரத்தை வைத்துக்கொண்டு எப்படிக் குடும்பம் நடத்துகிறது? இந்தக் கேள்விக்கு விடை தேடிப் போனால் டென்மார்க்கின் பாதிக் கதை கிடைத்துவிடும் என்பது என் எண்ணம்.

நகராட்சி என்ன செய்கிறது

டென்மார்க்கில் மொத்தம் 98 நகராட்சிகள். அவர்கள் பேச்சில் 'கொமூனே'. நகரமோ கிராமமோ தீவோ, ஏறக்குறைய எல்லா இடமும் ஏதாவது ஒரு கொமூனேயின் கீழ்தான் வரும். நகரத்துக்கு ஒரு வகை, கிராமத்துக்கு ஒரு வகை என்ற பிரிவு இல்லை. 1970-இல் நடந்த சீர்திருத்தத்துக்கு முன் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறு சிறு அமைப்புகள் இருந்தன. அதை 270 சொச்சமாகக் குறைத்தார்கள். பிறகு 2007 ஜனவரி 1 அன்று 98 ஆக்கினார்கள். அதே நாளில் பழைய மாவட்ட அமைப்புகளை எடுத்துவிட்டு ஐந்து மண்டலங்களை உண்டாக்கினார்கள்.

மண்டலத்தின் முக்கிய வேலை மருத்துவமனை. காவல்துறையும் பல்கலைக்கழகமும் மைய அரசின் பொறுப்பு. மிச்சம் இருப்பதில் பெரும்பகுதி நகராட்சியின் தலையில்தான். ஒரு மனிதரின் வாழ்நாளை வரிசையாக எடுத்துப் பார்த்தால் இது விளங்கும். குழந்தை பிறந்ததும் வீடு தேடி வரும் சுகாதாரச் செவிலியர் நகராட்சியின் ஊழியர். குழந்தைக்கு 26 வாரம் ஆனபின், பெற்றோர் கேட்டால், பகல் காப்பகத்தில் இடம் கொடுப்பது நகராட்சியின் கடமை. அதன் செலவில் பெற்றோரிடம் 25 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. அப்புறம் பள்ளிக்கூடம், நூலகம், விளையாட்டு அரங்கம். வேலை போனால் வேலைவாய்ப்பு மையம். முதுமை வந்தால் வீட்டுக்கு வந்து குளிக்க வைத்து, மருந்து கொடுத்து, வீட்டைத் துடைத்துவிட்டுப் போகும் உதவியாளர். தெரு, சைக்கிள் பாதை, குப்பை, எந்த இடத்தில் எவ்வளவு உயரத்துக்குக் கட்டடம் எழுப்பலாம் என்ற விதி, எல்லாமே அங்கேதான் முடிவாகும்.

குடிபெயர்ந்து வந்தால் ஐந்து நாளுக்குள் புது நகராட்சிக்கு முகவரியைத் தெரிவிக்க வேண்டும். 1968 முதல் ஒவ்வொருவருக்கும் ஒரு தனி ஆள் எண் உண்டு. அந்த எண்ணும் முகவரியும் சேர்ந்தால்தான் வங்கிக் கணக்கு முதல் மருத்துவர் வரை எல்லாம் நடக்கும். அதனால் அங்கே புதிதாகப் போகிறவர் முதலில் ஏறும் அரசு வாசல் பெரும்பாலும் நகராட்சியின் குடிமக்கள் சேவை மையம்தான்.

சரி, இதற்கெல்லாம் பணம்? இங்கேதான் நம் ஊர் நகராட்சியிலிருந்து முற்றிலும் வேறுபடுகிறது. டேனிஷ் நகராட்சி வருமான வரி வசூலிக்கிறது, அதுவும் சில்லறைத் தொகை அல்ல. சராசரியாக, வரிக்குரிய வருமானத்தில் ஏறக்குறைய 25 சதவீதம். மைய அரசின் அடிப்படை வருமான வரி சுமார் 12 சதவீதம். அது தவிர சம்பளத்தில் 8 சதவீதம் ஒரு பங்களிப்பாகப் பிடிக்கப்படும். ஆக, நடுத்தரச் சம்பளக்காரர் கட்டும் வருமான வரியில் பெரிய துண்டு போவது தன் ஊர் மன்றத்துக்குத்தான். நில வரியும் அங்கேதான் போகிறது. விகிதம் ஊருக்கு ஊர் மாறும். தலைநகருக்கு வடக்கே கடலோரமாக இருக்கும் கென்டொஃப்ட செல்வர்கள் நிறைந்த ஊர், அங்கே விகிதம் சராசரிக்குக் கீழே. ஆல்பர்ட்ஸ்லுண்டில் சராசரிக்குக் கொஞ்சம் மேலே.

இப்படியே விட்டால் பணக்கார ஊரில் வரி குறைவாகவும் பள்ளிக்கூடம் நன்றாகவும், ஏழை ஊரில் வரி அதிகமாகவும் பள்ளிக்கூடம் மோசமாகவும் ஆகிவிடும். அதைத் தடுக்கத்தான் நகராட்சிகளுக்கு இடையே வருமானத்தைச் சமன்செய்யும் ஒரு ஏற்பாடு. வருமானம் அதிகமுள்ள நகராட்சி பணத்தைக் கொடுக்கும். வருமானம் குறைந்த, அல்லது முதியோர், வேலையற்றோர் போன்ற செலவுப் பொறுப்பு கூடிய நகராட்சி பெறும். கென்டொஃப்டவும் அதன் அண்டை ஊர்களும் ஆண்டுதோறும் பெரிய தொகையைக் கொடுப்பவை. எவ்வளவு கொடுப்பது, எந்தக் கணக்கில் கொடுப்பது என்ற சண்டை தேர்தலுக்குத் தேர்தல் எழும். 2020-இல் கணக்கிடும் முறையையே மாற்றினார்கள். சண்டை ஓயவில்லை. ஆனால் கொடுக்கவே வேண்டியதில்லை என்று வாதிடுவோர் அங்கே மிகக் குறைவு. எனக்கு டேனிஷ் அமைப்பில் மிகவும் பிடித்தது இந்த ஒன்றுதான்.

தேர்தல் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை, நவம்பர் மாதத்தின் மூன்றாவது செவ்வாய்க்கிழமை நாடு முழுக்க ஒரே நாளில் நடக்கும். கடைசியாக 2025 நவம்பர் 18 அன்று நடந்தது. மேயரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. மக்கள் மன்ற உறுப்பினர்களைத் தேர்ந்தெடுப்பார்கள். உறுப்பினர்கள் தங்களுக்குள் ஒருவரை மேயராக்குவார்கள். அதனால் தேர்தல் இரவில் வாக்கு எண்ணி முடிந்ததும் கட்சிகளுக்குள் பேரம் தொடங்கி விடிய விடிய நடக்கும். அதிக இடம் பிடித்த கட்சி மேயர் பதவியை இழப்பதும் சகஜம்.

டேனிஷ் குடியுரிமை இல்லாதவர்களுக்கும் இந்தத் தேர்தலில் வாக்கு உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தினருக்கும் நோர்டிக் நாட்டினருக்கும் காத்திருப்புக் காலம் இல்லை. மற்ற நாட்டினர் நான்கு ஆண்டுகள் தொடர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும். எல்லா வெளிநாட்டவருக்கும் இந்த உரிமை 1981-இலேயே வந்துவிட்டது. 1980களில் இலங்கையிலிருந்து அகதிகளாக வந்த தமிழர்கள், குடியுரிமை கிடைக்க ஆண்டுகள் பிடித்தபோதும், தங்கள் ஊர் மன்றத்துக்கு வாக்களிக்க முடிந்தது இதனால்தான். அவர்களில் பெரும்பாலோர் குடியேறியது ஹெர்னிங் போன்ற யூட்லாண்ட் தீபகற்பத்து ஊர்களில், இந்தத் தலைநகர்ப் புறத்தில் அல்ல. ஆனால் விதி எல்லா ஊருக்கும் ஒன்றுதான்.

வயலில் எழுந்த ஊர்

ஆல்பர்ட்ஸ்லுண்ட் இருக்கும் இடத்தில் 1950களில் நின்றிருந்தால் சுற்றிலும் வயல்தான் தெரிந்திருக்கும். ஹெர்ஸ்டட்வெஸ்டர், ஹெர்ஸ்டட்ஓஸ்டர், விரிட்ஸ்லோசலில, ரிஸ்பி என்று பழைய கிராமங்கள், ஒவ்வொன்றிலும் கொஞ்சம் வீடுகள், முதல் இரண்டிலும் வெள்ளையடித்த பழைய தேவாலயங்கள். கோபன்ஹேகனிலிருந்து ரோஸ்கில்டவுக்கு 1847-இல் போட்ட ரயில் பாதை நடுவே ஓடியது. 1859-இல் திறந்த பெரிய சிறை ஒன்று விரிட்ஸ்லோசலிலவில் நின்றது. கைதிகளை ஒருவரையொருவர் பார்க்கவிடாமல் தனித்தனியாக அடைத்து வைக்கும் அமெரிக்க முறையில் கட்டப்பட்டது அது. இன்று சிறை மூடப்பட்டுவிட்டது, அந்த நிலத்தில் குடியிருப்பு எழுப்பும் திட்டம் நடக்கிறது.

இந்த வயல்வெளி எப்படி நகரமானது? அதற்கு 1947-க்குப் போக வேண்டும். அந்த ஆண்டு, பீட்டர் பிரெட்ஸ்டோர்ஃப், ஸ்டீன் ஐலர் ராஸ்முசன் போன்ற திட்டமிடுவோர் சேர்ந்து கோபன்ஹேகனின் வளர்ச்சிக்கு ஒரு வரைபடம் வெளியிட்டார்கள். விரித்து வைத்த கையின் படம் அது. பழைய நகரம் உள்ளங்கை. அதிலிருந்து கோய, ரோஸ்கில்ட, ஃபிரெடெரிக்ஸுன்ட், ஹிலரோட், ஹெல்சிங்யோர் என்ற ஊர்களை நோக்கி நீளும் ரயில் பாதைகள் ஐந்து விரல்கள். வீடுகள் விரலின் மேல் மட்டுமே எழ வேண்டும். விரலுக்கும் விரலுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி வயலாகவும் காடாகவும் பசுமையாகவே இருக்க வேண்டும். எந்த வீட்டிலிருந்தும் ஒரு பக்கம் நடந்தால் ரயில் நிலையம், மறுபக்கம் நடந்தால் மரங்கள். இதற்குப் பெயரே விரல் திட்டம்.

முதலில் இது சட்டம் அல்ல, வெறும் யோசனை. ஆனாலும் ஒரு தலைமுறை முழுக்க நகராட்சிகளும் ரயில்வேயும் அதை மனதில் வைத்தே முடிவெடுத்தன. படம் எல்லோருக்கும் ஒரே பார்வையில் புரிந்ததுதான் காரணம் என்று நினைக்கிறேன். விரலுக்கு நடுவே வீடு கட்ட அனுமதி கேட்டு வருகிறவரிடம் பக்கம் பக்கமாக விளக்கத் தேவையில்லை, கையை விரித்துக் காட்டினால் போதும். பின்னர் அது சட்ட வலிமையும் பெற்றது. இன்றைய விதிப்படி, 1,500 சதுர மீட்டரைத் தாண்டும் அலுவலகக் கட்டடம் பொதுவாக நிலையத்திலிருந்து 600 மீட்டர் தூரத்துக்குள் வர வேண்டும்.

ரோஸ்கில்ட விரலின் நடுவில் இருப்பதுதான் ஆல்பர்ட்ஸ்லுண்ட். 1963-இல் எஸ்-ரயில் நிலையம் வந்தது. அதே ஆண்டு ஊரின் தெற்குப் பகுதியைக் கட்டத் தொடங்கி, ஐந்தாறு ஆண்டில் முடித்தார்கள். சில ஆயிரம் பேர் வாழ்ந்த கிராமத் தொகுதி, ஒன்றரைப் பத்தாண்டுக்குள் முப்பதாயிரத்தை நெருங்கும் ஊராக ஆனது. ஹெர்ஸ்டட் கிராமங்களின் பெயரில் இருந்த நகராட்சி 1973-இல் ஆல்பர்ட்ஸ்லுண்ட் என்று பெயர் மாறியது. ஆல்பர்ட்ஸ்லுண்ட் அங்கிருந்த ஒரு பண்ணையின் பெயர்.

அந்தத் தெற்குப் பகுதியை அருகில் போய்ப் பார்க்க வேண்டும். அப்போது நாட்டில் வீட்டுப் பஞ்சம், கொத்தனார் பஞ்சம் இரண்டும் சேர்ந்து இருந்தன. தொழிற்சாலையில் வார்த்த கான்கிரீட் பலகைகளைக் கொண்டுவந்து இணைத்துக் கட்டும் முறையை அரசே 1960 முதல் ஊக்குவித்தது. மற்ற இடங்களில் இந்த முறையில் பல மாடிக் குடியிருப்புகள் எழுந்தன. இங்கே கட்டடக் கலைஞர்கள் எதிர்த் திசையில் யோசித்தார்கள். ஒரே தளம், தட்டைக் கூரை, 'எல்' வடிவ வீடு, மதில் சூழ்ந்த சொந்த முற்றம். இப்படி ஆயிரம் அளவில் முற்றத்து வீடுகள், கூடவே தொடர் வீடுகள், நடுவே ஓடும் ஒரு கால்வாய். வீட்டுக்குள்ளிருந்து பார்த்தால் பக்கத்து வீட்டார் கண்ணில் படமாட்டார்கள், முற்றமும் வானமும்தான் தெரியும். குறைந்த வாடகைக்குக் குடியிருக்கும் தொழிலாளிக் குடும்பத்துக்கும் சொந்தமாக ஒரு துண்டு வெளி வேண்டும் என்று நினைத்துக் கட்டிய வீடுகள் இவை.

இன்னொரு துணிச்சலான முடிவு, காரையும் மனிதரையும் முழுக்கப் பிரித்தது. கார் சாலை ஒரு வலை, நடப்பவர்க்கும் சைக்கிளுக்கும் தனியாக இன்னொரு வலை. இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒன்று பாலத்தின் மேலே போகும், மற்றது கீழே போகும். ஆறு வயதுக் குழந்தை கார் ஓடும் ஒரு சாலையைக்கூடக் கடக்காமல் வீட்டிலிருந்து பள்ளிக்கூடத்துக்குத் தனியாக நடந்து போகலாம். 2012-இல் தலைநகர்ப் பகுதியின் முதல் நெடுந்தூர சைக்கிள் பாதை கோபன்ஹேகனையும் ஆல்பர்ட்ஸ்லுண்டையும் இணைத்துத் திறக்கப்பட்டபோது, அது இந்த ஊரின் பழக்கத்துக்கு இயல்பாகப் பொருந்தியது. அந்தப் பாதை ஐந்து நகராட்சிகளின் வழியே போகிறது. ஒவ்வொன்றும் தன் எல்லைக்குள் இருக்கும் துண்டைப் போட்டு, ஒரே மாதிரி அடையாளம் வைக்க ஒப்புக்கொண்டதால்தான் அது ஒரே பாதையாக ஆனது.

இதில் குறையே இல்லையா என்றால், இருக்கிறது. தட்டைக் கூரைக்கும் டென்மார்க்கின் மழைக்கும் ஒத்துவரவில்லை. ஈரம் இறங்கியது, பூஞ்சை பிடித்தது, பின்னாளில் பெரும் செலவில் புதுப்பிக்க வேண்டியிருந்தது. பிரித்துப் போட்ட நடைபாதைகளில் இரவு நேரத்தில் ஆள் நடமாட்டம் இல்லாததால், சுரங்க வழியே தனியாகப் போகப் பலர் தயங்குகிறார்கள். எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல், முழு ஊரையும் ஒரே காலத்தில் கட்டியது. ஒரே காலத்தில் கட்டியதால் ஒரே காலத்தில் பழசாகிறது. கூரை, குழாய், கான்கிரீட் எல்லாம் ஒரே பத்தாண்டில் பழுது கேட்கின்றன. இளம் தம்பதிகள் மொத்தமாகக் குடிவந்த ஊரில் பள்ளிகள் ஒரு காலத்தில் பிதுங்கி வழியும், பின்னர் காலியாகும். மெதுவாக வளர்ந்த பழைய நகரத்துக்கு இந்தத் தொல்லை வருவதில்லை.

சுற்றியிருக்கும் ஊர்கள்

ஆல்பர்ட்ஸ்லுண்டும் அதைச் சுற்றியிருக்கும் மேற்குப் புறநகர்களும் சேர்ந்த பகுதிக்கு வெஸ்டைனன் என்று பெயர். கிழக்கே குளோஸ்ட்ரப். அது பழைய ரயிலடி ஊர், 1950களில் வந்த பெரிய மருத்துவமனைக்குப் பெயர் பெற்றது. அந்த மருத்துவமனை 2015 முதல் கோபன்ஹேகனின் ரிக்ஸ் மருத்துவமனையோடு ஒன்றாக்கப்பட்டிருக்கிறது. மேற்கே ஹோயே-டோஸ்ட்ரப், 1986-இல் அங்கே திறந்த நிலையத்தில் எஸ்-ரயிலும் தொலைதூர ரயிலும் சந்திக்கின்றன. வடக்கே பாலரப், அது அடுத்த விரலான ஃபிரெடெரிக்ஸுன்ட் விரலின் மேல் இருக்கிறது.

பாலரப்புக்கும் ஆல்பர்ட்ஸ்லுண்டுக்கும் நடுவே உள்ள பசுமை இடைவெளியில் ஒரு காடு வளர்ந்திருக்கிறது. பெயர் வெஸ்ட்ஸ்கோவன். பார்த்தால் காலங்காலமாக நிற்கும் காடு போலத் தோன்றும். 1967 முதல் அரசு உழவு நிலத்தை வாங்கி மரம் நட்டு உண்டாக்கியது அது. அதிலிருக்கும் ஹெர்ஸ்டட்ஹோய் குன்றும் மனிதர் குவித்ததுதான். கட்டட வேலைகளில் தோண்டிய மண்ணைக் கொட்டிக் கொட்டி 67 மீட்டர் உயரத்துக்கு எழுப்பினார்கள். அந்தச் சமவெளியில் 67 மீட்டர் என்பது மலை. அங்கே மரத்துண்டுகளால் செய்த ஒரு பெரிய பூத உருவம் உட்கார்ந்திருக்கிறது. தாமஸ் டாம்போ என்ற கலைஞர் 2016-இல் தூக்கிப்போட்ட பழைய பலகைகளைச் சேர்த்து, மேற்குப் புறநகர்களில் மறைவான இடங்களாகத் தேர்ந்து ஆறு பூதங்களை வைத்தார். தேடிக்கொண்டு போகிறவர்கள், அதுவரை கால் வைத்திராத புறநகர்க் காடுகளுக்குள் நுழைகிறார்கள்.

தெற்கே போனால் வலன்ஸ்பெக், இஷோய், புரொண்ட்பி. இவை கோய விரிகுடாக் கரையை ஒட்டியவை, விரல் திட்டத்தில் கட்டைவிரல். இந்தக் கரைக்கென்று 1961-இல் தனிச் சட்டமே போட்டு, பல நகராட்சிகளையும் ஒரே திட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். மணலை அள்ளிக் கொட்டி, கடலுக்குள் தடுப்பு எழுப்பி ஏழு கிலோமீட்டர் நீளத்துக்குக் கடற்கரைப் பூங்கா ஒன்றை உண்டாக்கி 1980-இல் திறந்தார்கள். வடக்குக் கரையில் செல்வந்தர் மாளிகைகள் கடலைப் பார்த்து நிற்க, தெற்குக் கரையில் வாடகைக் குடியிருப்புகளில் வாழ்வோருக்கும் நீந்த நல்ல கடற்கரை வேண்டும் என்ற எண்ணம் அதில் இருந்தது. 1996-இல் அங்கே, இஷோயில், ஆர்கன் நவீனக் கலை அருங்காட்சியகம் வந்தது.

புரொண்ட்பி என்றால் பெரும்பாலோருக்கு அதன் கால்பந்து அணிதான். அங்கே இன்னொன்றும் உண்டு. வட்ட வட்டமாக வெட்டிய வேலிகளுக்குள் கோடைக்காலத் தோட்ட வீடுகள்; 1964-இல் அமைத்தது, ஆகாயத்திலிருந்து எடுத்த படங்களால் இன்று உலகம் முழுக்கத் தெரிந்த இடம். ரோடோவ்ரவில் ஆர்னே யாகப்சன் வடிவமைத்து 1956-இல் திறந்த நகர்மன்றக் கட்டடம், கண்ணாடியும் கறுப்புக் கல்லுமாக, இன்றும் பார்க்கத் தகுந்தது. சின்ன நகராட்சி தன் அலுவலகத்துக்கு நாட்டின் மிகச் சிறந்த கட்டடக் கலைஞரை அழைத்தது என்பதிலேயே தன்னைப் பற்றி அது வைத்திருந்த மதிப்பு தெரிகிறது.

சேராமல் சேர்ந்து

முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம். இருபத்தெட்டாயிரம் பேரால் மின்நிலையம் நடத்த முடியாது, குப்பை எரிக்கும் ஆலை நடத்த முடியாது. அப்படியானால்?

வெப்பத்தை எடுத்துக்கொள்வோம். டென்மார்க்கில் மூன்றில் இரண்டு பங்கு வீடுகளுக்கு வெப்பம் தெருவுக்கு அடியில் ஓடும் குழாய்களில் சுடுநீராக வருகிறது. 1973 எண்ணெய் நெருக்கடி நாட்டை உலுக்கிய பிறகு, 1979-இல் வெப்ப வழங்கலுக்குச் சட்டம் போட்டு இதை விரித்தார்கள். மேற்குப் புறநகர்களில் இதற்காக 1984-இல் வேக்ஸ் என்ற நிறுவனம் பிறந்தது. அதன் அலுவலகம் ஆல்பர்ட்ஸ்லுண்டில் இருக்கிறது. ஆனால் அதன் சொந்தக்காரர்கள் ஆல்பர்ட்ஸ்லுண்ட் முதல் ரோஸ்கில்ட, கோய வரை பன்னிரண்டு நகராட்சிகள். விடோவ்ர நகராட்சிக்குள் இருக்கும் அவடோர மின்நிலையத்தில் மின்சாரம் எடுத்தபின் மிஞ்சும் வெப்பத்தையும், குப்பை எரிக்கும் ஆலைகளின் வெப்பத்தையும் வாங்கிப் பெரிய குழாய்களில் அனுப்புவது அதன் வேலை. அதை வீடு வீடாகப் பிரித்துக் கொடுப்பது அந்தந்த ஊரின் பொறுப்பு.

ஆல்பர்ட்ஸ்லுண்ட் இதில் இன்னொரு படி போகிறது. குழாயில் ஓடும் நீரின் வெப்பநிலையைக் குறைத்தால் வழியில் வீணாகும் வெப்பமும் குறையும். ஆனால் குறைந்த சூட்டில் வீடு கதகதப்பாக இருக்க வேண்டுமென்றால் சுவரும் ஜன்னலும் குளிரை உள்ளே விடாதவையாக இருக்க வேண்டும். ஆயிரக்கணக்கான வீடுகள் ஒரே நேரத்தில் பழுதுபார்ப்புக்கு வந்து நின்றதைச் சாதகமாக்கிக்கொண்டு, நகராட்சி வீட்டைப் புதுப்பிப்பதையும் வெப்பநிலையைக் குறைப்பதையும் ஒன்றாகச் சேர்த்துப் பகுதி பகுதியாகச் செய்து வருகிறது. ஒரே காலத்தில் கட்டியது சுமை என்று மேலே சொன்னேன். அந்தச் சுமையே இங்கே கைகொடுத்திருக்கிறது.

தண்ணீரும் கழிவுநீரும் இதே மாதிரிதான். கோபன்ஹேகனும் ஆல்பர்ட்ஸ்லுண்ட் உள்ளிட்ட ஏழு அண்டை நகராட்சிகளும் 2012-இல் தங்கள் நீர் அமைப்புகளை ஒரே நிறுவனமாக இணைத்தன. தீயணைப்பும் கூட்டு. கடற்கரைப் பூங்காவைப் பராமரிப்பதும் கூட்டு. நிறுவனத்தைச் சேர்த்துக்கொள்கிறார்கள், நகராட்சியைச் சேர்ப்பதில்லை.

இந்தப் பிடிவாதம் 2007-இல் நன்றாக வெளிப்பட்டது. இருபதாயிரம் பேருக்குக் குறைந்த நகராட்சிகள் பக்கத்து ஊரோடு இணைய வேண்டும் என்றது அரசு. வடக்கே ஃபாரும், வேர்லோச போன்ற ஊர்கள் இணைந்து புது நகராட்சிகள் ஆயின. மேற்கே ஒருவரும் இணையவில்லை. அங்கே வலன்ஸ்பெக்கில்தான் ஆள் போதவில்லை. சட்டத்தில் ஒரு வழி இருந்தது: இணைய மனமில்லாத சிறிய ஊர், பெரிய அண்டை ஊரோடு கட்டாய ஒத்துழைப்பு ஒப்பந்தம் போடலாம். வலன்ஸ்பெக் அப்படி இஷோயோடு போட்டது. வேலைவாய்ப்பு, சமூகநலம் போன்ற துறைகளின் வேலையை இஷோய் பார்க்கும். வலன்ஸ்பெக்குக்குத் தன் மேயரும் மன்றமும் வரி விகிதமும் அப்படியே இருக்கும். நிர்வாகச் செலவை மட்டும் பார்ப்பவருக்கு இது வீண் பிடிவாதமாகத் தோன்றலாம். தெருவிளக்கு எரியவில்லை என்றால் மன்ற உறுப்பினரைக் கடைத்தெருவில் மடக்கிக் கேட்கும் வசதியை மக்கள் விட விரும்பவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது.

யார் வாழ்கிறார்கள்

ஆல்பர்ட்ஸ்லுண்டின் வீடுகளில் பாதிக்கும் மேல் பொதுநல வாடகை வீடுகள். இவை அரசுக்கும் சொந்தமல்ல, தனியாருக்கும் சொந்தமல்ல. லாபம் பார்க்காத வீட்டுச் சங்கங்களுக்குச் சொந்தம். வாடகை, வீட்டைக் கட்டிப் பராமரிக்க ஆன செலவை ஈடுகட்டும் அளவுதான். காத்திருப்போர் பட்டியலில் யாரும் பெயர் பதியலாம், வருமான வரம்பு கிடையாது. ஒவ்வொரு குடியிருப்பிலும் குடியிருப்போரே குழு தேர்ந்தெடுத்து, வாடகையில் எவ்வளவை எதற்குச் செலவிடுவது என்று வாக்கெடுத்து முடிவு செய்கிறார்கள். காலியாகும் நான்கு வீடுகளில் ஒன்றில் யாரைக் குடிவைப்பது என்று சொல்லும் உரிமை நகராட்சிக்கு உண்டு. வீடற்றவருக்கும் புதிதாக வந்த அகதிக் குடும்பத்துக்கும் இடம் கிடைப்பது இந்த வழியில்தான்.

இத்தகைய வீடுகள் நாடு முழுக்கச் சமமாக இல்லை. மேற்கில் மிக அதிகம், வடக்கில் குறைவு. எனவே குறைந்த வருமானக்காரர்களும் வெளிநாட்டிலிருந்து வந்தவர்களும் மேற்கில் சேர்ந்தார்கள். 2018-இல் நாடாளுமன்றம் ஒரு கடுமையான சட்டம் கொண்டுவந்தது. ஆயிரம் பேருக்கு மேல் வாழும் ஒரு குடியிருப்பில் வேலை, கல்வி, வருமானம், குற்றம் ஆகியவை குறித்த அளவுகோல்களில் நிலை மோசமாக இருந்து, மேற்கத்திய நாடு அல்லாத பின்னணி கொண்டோர் பாதிக்கு மேல் இருந்தால், அது அரசுப் பட்டியலில் ஏறும். தொடர்ந்து சில ஆண்டுகள் பட்டியலில் இருந்தால், 2030-க்குள் அங்கே குடும்பங்களுக்கான பொதுநல வீடுகளை 40 சதவீதமாகக் குறைக்க வேண்டும். அதாவது இடிக்க வேண்டும், விற்க வேண்டும், அல்லது நடுவே வேறு வகை வீடுகள் கட்ட வேண்டும். ஹோயே-டோஸ்ட்ரப் நகராட்சியில் டோஸ்ட்ரப்கோர், காதஹாவகோர் என்ற இரண்டு குடியிருப்புகள் இந்தப் பட்டியலில் சிக்கின. ஒழுங்காக வாடகை கட்டி வந்த குடும்பங்களும் வேறு வீட்டுக்கு மாற வேண்டியிருந்தது. பூர்வீகத்தை வைத்து ஒரு குடியிருப்பை அளப்பது சரியா என்ற வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது. கலந்து வாழ வேண்டும் என்ற நோக்கத்தில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் கலக்க வேண்டுமானால் வடக்கிலும் வாடகை வீடு கட்ட வேண்டும். மேற்கில் இருப்பதை இடிப்பது பாதி வேலைகூட ஆகாது.

விரலிலிருந்து விரலுக்கு

விரல் திட்டத்துக்கு ஒரு பிறவிக் குறை உண்டு. எல்லா ரயிலும் உள்ளங்கைக்குப் போகிறது. ஆல்பர்ட்ஸ்லுண்டிலிருந்து கோபன்ஹேகன் போவது எளிது. ஆனால் இஷோயில் குடியிருப்பவர் குளோஸ்ட்ரப் மருத்துவமனைக்கோ லுங்பியில் இருக்கும் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்கோ ரயிலில் போக வேண்டுமென்றால், 2025 வரை, தலைநகர்ப் பக்கம் போய், வேறு ரயில் மாறி, மறுபடி வெளியே வர வேண்டியிருந்தது. இல்லாவிட்டால் பேருந்து, அல்லது சொந்தக் கார். புறநகரில் வேலை குறைவாக இருந்த காலத்தில் இது பெரிதாகத் தெரியவில்லை. இன்று மருத்துவமனை, பல்கலைக்கழகம், தொழிற்பேட்டை எல்லாம் புறநகர்களில்தான் இருக்கின்றன.

அதற்காக விரல்களைக் குறுக்கே வெட்டிச் செல்லும் இலகு ரயில் பாதை ஒன்றை மூன்றாம் வட்டச் சாலையை ஒட்டிப் போட்டிருக்கிறார்கள். வடக்கே லுங்பி, தெற்கே இஷோய். 28 கிலோமீட்டர், 29 நிலையங்கள். இஷோயிலிருந்து ரோடோவ்ர வடக்கு வரையிலான தெற்குத் துண்டு 2025 அக்டோபரில் ஓடத் தொடங்கியது. செலவை ஏற்றவற்றில் வழியோர நகராட்சிகளும் உண்டு. தண்டவாளத்துக்கு இருபுறமும் எங்கே வீடு, எங்கே அலுவலகம், எத்தனை மாடி என்று ஒவ்வொரு மன்றமும் தனித்தனியாக உட்கார்ந்து முடிவெடுக்கிறது. ரயில் மட்டும் எல்லோருக்கும் பொது.